வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்கு

புதிய மொழி ஒன்றை ஒருவர் ஏன் கற்கிறார்? திருப்பூரில் இந்தக் கேள்விக்குப் பல விடைகள் கிடைக்கும். பனியன் கம்பெனி மேற்பார்வையாளர் வடமாநிலத் தொழிலாளர்களிடம் வேலை சொல்வதற்காக இந்தி கற்றிருக்கிறார். மளிகைக் கடைக்காரர் பருப்பு, எண்ணெய், உப்பு ஆகியவற்றின் பெயர்களை நான்கு மொழிகளில் சொல்கிறார். தையல் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் முதலில் தமிழ் எண்களைக் கற்கிறார்கள். ஒரு பீஸுக்கு எவ்வளவு கூலி, வாரத்தில் எத்தனை ஷிப்ட் என்ற கணக்கு தவறினால் அவர்களுக்கு நட்டம். இவர்களில் யாரும் மொழி வகுப்புக்குச் சென்றதில்லை. அதேசமயம் பள்ளியில் பத்து ஆண்டுகள் ஆங்கிலம் படித்த பலர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசத் தயங்குகிறார்கள். இந்த வேறுபாடு ஆசிரியர்களாகிய நாம் ஆராய வேண்டிய ஒன்று.

நான் திருப்பூர் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பள்ளியைச் சுற்றிலும் பின்னலாடை நிறுவனங்களும் அவற்றை ஒட்டிய லைன் வீடுகளும் உள்ளன. கடந்த ஆண்டு என் 6ஆம் வகுப்பில் ஏழு குழந்தைகளுக்கு வீட்டு மொழி தமிழ் அல்ல. இவர்களுக்குத் தமிழ் கற்பித்தபோதும், இவர்களிடமிருந்து நான் ஒடியா கற்றபோதும் பெற்ற அனுபவங்களை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். இதே நிலை இன்று சென்னை, கோவை, ஈரோடு, ஓசூர் எனப் பல ஊர்களின் பள்ளிகளில் உள்ளது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இச்செய்திகள் பொருந்தும் என நம்புகிறேன்.

கற்பதற்கான தூண்டல் எங்கிருந்து வருகிறது?

மொழி கற்றலில் ஊக்கம் குறித்த ஆய்வுகளுக்கு அடித்தளமிட்டவர்கள் கனடா நாட்டைச் சேர்ந்த ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் ஆகிய உளவியலாளர்கள். மாண்ட்ரியல் நகரில் பிரெஞ்சு கற்ற ஆங்கிலம் பேசும் மாணவர்களை ஆராய்ந்து 1959இல் தங்கள் முதல் முடிவுகளை வெளியிட்டனர். மொழி கற்பதற்கான ஊக்கத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். வேலை, ஊதியம், தேர்வு போன்ற பயன் கருதிக் கற்பது ஒன்று. அம்மொழி பேசும் மக்களோடு சேர்ந்து வாழ விரும்பிக் கற்பது மற்றொன்று. முதலாவதைப் பயன்சார் ஊக்கம் என்றும் இரண்டாவதை உறவுசார் ஊக்கம் என்றும் நாம் சொல்லலாம்.

இவ்விரண்டும் தனித்தனியே நிற்பவை அல்ல. ஒன்று மற்றொன்றாக மாறவும் கூடும். தமிழின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு சமயப் பணிக்காகவே தமிழ் கற்கத் தொடங்கினார். உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் பயின்ற சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். சில ஆண்டுகளுக்குள் ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் படித்து, தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலையே தயாரித்தார். ஜி.யு. போப்பும் சமயப் பணிக்காக வந்தவரே. அவர் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தம் 80ஆம் வயதில், 1900ஆம் ஆண்டில், திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். தொடங்கும்போது இருந்த தேவை நிறைவேறிய பின்னரும் மொழியின் மீதான ஈடுபாடு அவரை அறுபது ஆண்டுகள் நடத்திச் சென்றுள்ளது.

லைன் வீடுகளிலும் இதே மாற்றத்தைச் சிறிய அளவில் பார்க்கலாம். கூலிக் கணக்குக்காக எண்களைக் கற்ற ஓர் ஒடிசா தாய், பக்கத்து வீட்டு அம்மாவோடு சேர்ந்து மாலையில் தொடர் பார்க்கத் தொடங்கினார். ஓராண்டில் அவரது தமிழில் "அட, போங்கக்கா" என்ற பேச்சும் வந்துவிட்டது. எண்களை அவருக்குக் கற்றுத் தந்தது தேவை. "போங்கக்கா" என்பதைக் கற்றுத் தந்தது உறவு.

குழந்தைகளுக்கு ஊதியக் கணக்கு இல்லை. அவர்களுக்கு மிக வலிமையான தூண்டல்கள் விளையாட்டும் உணவும்தான். எங்கள் தொடக்க வகுப்புகளில் புதிதாகச் சேரும் குழந்தை முதலில் பேசும் தமிழ்ச் சொற்களைக் கவனித்து வந்துள்ளேன். 'போதும்', 'இன்னும் கொஞ்சம்', 'நான் அவுட் இல்லை', 'என்னையும் சேர்த்துக்கோ' என்பவையே அவை. முதல் இரண்டும் காலை உணவுத் திட்டத்தின் வரிசையில் கற்றவை. மற்றவை மைதானத்தில் கற்றவை. பாடநூலின் முதல் சொற்களான அம்மா, ஆடு, இலை ஆகியவை இவற்றுக்குப் பின்னரே வருகின்றன.

பேசாத காலம்

வேற்று மொழிச் சூழலுக்கு வரும் குழந்தைகளில் பலர் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வகுப்பில் பேசுவதே இல்லை. இதை மொழியியலாளர்கள் மௌனக் காலம் என்பர். இக்காலத்தில் குழந்தை சும்மா இருப்பதில்லை. ஒலிகளைப் பிரித்தறிகிறது, எந்தச் சொல்லுக்கு யார் எழுகிறார்கள், எந்தச் சொல்லுக்கு வகுப்பு சிரிக்கிறது என்று சேர்த்துப் பார்க்கிறது. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர், புரிந்துகொள்ளக் கூடிய மொழியைப் போதிய அளவு கேட்பதே கற்றலின் அடிப்படை என்கிறார். அச்சமும் வெட்கமும் மிகும்போது, கேட்கும் மொழி மனத்துக்குள் செல்வதைத் தடுக்கும் திரையாக அவை மாறிவிடும் என்பதும் அவர் கருத்து.

இந்த மௌனத்தைக் கற்றல் குறைபாடு என்று கருதினால் விளைவு கடுமையானது. பேசாத குழந்தை பின்வரிசைக்குப் போகும். கேள்வி கேட்கப்படாது. ஓரிரு ஆண்டுகளில் அக்குழந்தையின் வருகை குறையும். பிறகு பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். எங்கள் பகுதியில் பள்ளியை விட்ட குழந்தைக்கு உடனே வேலை தர ஆள் இருக்கிறது. பிசிறு வெட்டவும் துணி மடிக்கவும் மொழி தேவையில்லை. ஆகவே ஒரு குழந்தையின் மௌனத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது அதன் எதிர்காலத்தையே தீர்மானிக்கக் கூடியது.

மௌனமாக இருக்கும் குழந்தைக்குப் புரிகிறதா என்று அறிய எளிய வழிகள் உண்டு. "சிவப்புப் பென்சிலை எடு", "கதவை மூடு", "யானைப் படத்தைக் காட்டு" என்று சொல்லி, பேச்சுக்குப் பதிலாகச் செயலைக் கேட்கலாம். கணக்குப் பாடத்தில் எண்களால் மட்டும் அமைந்த கணக்குகளைத் தந்து பார்க்கலாம். ஒடிசாவில் 4ஆம் வகுப்பு வரை படித்து வந்த ஒரு மாணவன் எங்கள் பள்ளியில் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. ஆனால் இரண்டு இலக்கப் பெருக்கலை வகுப்பில் முதலில் முடிப்பவன் அவன்தான். வாய்மொழிக் கணக்கு வரும்போது மட்டும் நின்றுவிடுவான். 'மீதம்', 'ஒவ்வொருவருக்கும்', 'மொத்தம்' என்ற மூன்று சொற்களை அவனுக்கு விளக்கியபின் அந்தக் கணக்குகளும் வந்தன.

அடுத்து வரும் நிலை நம்மை எளிதில் ஏமாற்றக் கூடியது. குழந்தை சரளமாகப் பேசத் தொடங்கியதும் மொழிச் சிக்கல் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். அன்றாட உரையாடலுக்கான மொழித்திறன் வேறு. பாடம் படிப்பதற்கான மொழித்திறன் வேறு. முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவது, உடன் பயிலும் தாய்மொழி மாணவரின் நிலையை எட்ட, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். மைதானத்தில் கொங்குத் தமிழில் சண்டை போடும் சிறுமி, அறிவியலில் 'ஆவியாதல்', 'கரைசல்' என்ற சொற்களில் தடுமாறுவது இதனால்தான். 3ஆம் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு 8ஆம் வகுப்பு வரை ஏதேனும் ஒரு வகையில் மொழி உதவி தேவைப்படும் என்று நாம் திட்டமிட்டுக் கொள்ள வேண்டும்.

ஆசிரியர் மாணவராக அமர்ந்தபோது

என் வகுப்பின் ஒடியா குழந்தைகளின் பேச்சு எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, கடந்த கல்வியாண்டில் நான் ஒடியா கற்கத் தொடங்கினேன். ஒடியா 2014இல் செம்மொழித் தகுதி பெற்ற மொழி. மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம். ஒரு நாற்பது பக்க நோட்டு. மூன்று சிறுவர்கள் எனக்கு ஆசிரியர்கள். முதல் வாரத்தில் 'ஆஸ' என்றால் வா, 'பஸ' என்றால் உட்கார், 'சுண' என்றால் கேள் என்று எழுதிக்கொண்டேன். பிறகு 'துமர நாம கண?' என்று ஒவ்வொருவர் பெயரையும் கேட்டேன். பெயர் ஏற்கெனவே தெரிந்திருந்தும் நான் கேட்கிறேனே என்று அவர்கள் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் முதல் அவர்களே நோட்டை எடுத்து வந்தார்கள்.

நாற்பது வயதைக் கடந்தபின் ஒரு மொழியைத் தொடங்குவது கற்பித்தல் குறித்துப் பல செய்திகளைச் சொல்லித் தந்தது. முதலாவது, களைப்பு. புரியாத மொழியைக் கூர்ந்து கேட்டால் பத்து நிமிடத்தில் தலை கனக்கிறது. நம் குழந்தைகள் நாள் முழுவதும், எட்டுப் பாடவேளைகள், இப்படி அமர்ந்திருக்கிறார்கள். பிற்பகலில் அவர்கள் மேசையில் தலை சாய்ப்பதற்குச் சோம்பல் காரணம் அல்ல.

இரண்டாவது, ஒலி. வீடு என்பதற்கு ஒடியாவில் 'கர' என்று நான் எழுதிவைத்துப் படித்தேன். குழந்தைகள் ஏற்கவில்லை. அச்சொல்லின் முதல் எழுத்தைக் காற்றை அழுத்தி வெளியேற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி தன் உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து, காற்று படுகிறதா என்று பார்க்கச் சொன்னாள். நம் எழுத்தில் அந்த ஒலிக்குக் குறி இல்லை. என் காதும் அதைப் பிரித்துக் கேட்கவில்லை. அன்றே 'ழ'கரத்துக்கு நாவை எங்கே வளைப்பது என்று நான் அவர்களுக்குக் காட்டினேன். இரு தரப்பிலும் ஒரே அளவு சிரிப்பு, ஒரே அளவு முயற்சி. அதன்பின் 'பழம்', 'மழை' என்று சொல்லிப் பார்க்க அவர்கள் கூச்சப்படவில்லை.

மூன்றாவது, நினைவில் நிற்பது எது என்பது. பட்டியலாக எழுதிய முப்பது சொற்களில் பாதி மறந்துவிட்டன. 'மோதே போக லாகுச்சி' என்ற வாக்கியம் ஒருமுறை கேட்டதும் பதிந்தது. எனக்குப் பசிக்கிறது என்று பொருள். உணவு மணி அடிக்கும் நேரத்தில் ஒரு சிறுவன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு சொன்ன சொற்கள் அவை. தேவையோடும் சூழலோடும் வரும் சொல்லுக்கு மனப்பாடம் தேவைப்படுவதில்லை.

எட்டு மாத முடிவில் நான் ஒடியா பேசும் ஆளாகிவிடவில்லை. பெற்றோரை வரவேற்கவும், உடல்நலம் விசாரிக்கவும், குழந்தைகள் தங்களுக்குள் பேசுவதில் பாதியைப் பிடிக்கவும் முடிகிறது. இதற்குள்ளாகவே வகுப்பில் ஒரு மாற்றம் தெரிந்தது. 'வடக்கன்' என்ற கேலிச் சொல் எங்கள் வகுப்பில் குறைந்தது. ஆசிரியருக்கே கற்றுத் தருபவர்கள் என்ற மதிப்பு அந்த மூவருக்கும் வந்தது. தமிழ்க் குழந்தைகள் சிலரும் 'பாணி' என்றால் தண்ணீர் என்று பழகி, தண்ணீர் பாட்டில் கேட்கும்போது அச்சொல்லைப் பயன்படுத்தினர்.

பிழைகள் சொல்லும் செய்தி

குழந்தையின் வீட்டு மொழியைச் சிறிதளவாவது அறிந்தால், அதன் தமிழ்ப் பிழைகளுக்குக் காரணம் தெரியும்.

"அக்கா வந்தான்", "டீச்சர் சொன்னது" என்று ஒடியா குழந்தைகள் எழுதுவார்கள். ஒடியாவில் 'ஸே ஆஸிலா' என்றால் அவன் வந்தான் என்றும் பொருள். அவள் வந்தாள் என்றும் பொருள். பசு வந்தாலும் வினைச்சொல் 'ஆஸிலா'தான். ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என்று வினைமுற்றை மாற்றும் பழக்கம் அம்மொழியில் இல்லை. ஆனால் மரியாதைக்கு வினை மாறும்: பெரியவர் என்றால் 'ஆஸிலே'. எனவே 'வந்தார்' என்ற பலர்பாலின் மரியாதைப் பயன்பாட்டை முதலில் கற்பித்து, அங்கிருந்து வந்தான், வந்தாள், வந்தது என்று விரித்தால் இவர்களுக்கு எளிதாகிறது. இந்தி பேசும் குழந்தைகளுக்குச் சிக்கல் வேறு. இந்தியில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. 'பஸ் வந்தாள்' என்று அவர்கள் எழுதினால் காரணம் அதுவே.

எ–ஏ, ஒ–ஓ ஆகிய குறில் நெடில் வேறுபாடு ஒடியாவிலும் இந்தியிலும் இல்லை. 'பெண்' என்பதும் 'பேன்' என்பதும், 'கொடி' என்பதும் 'கோடி' என்பதும் அக்காதுகளுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். இவர்களுக்கு எழுதும் பயிற்சிக்கு முன் கேட்கும் பயிற்சி வேண்டும். நான் சொல்லும் சொல் குறிலாக இருந்தால் ஒரு தட்டு, நெடிலாக இருந்தால் இரண்டு தட்டு என்ற விளையாட்டு நல்ல பயன் தந்தது.

'நாம்', 'நாங்கள்' என்ற இரண்டு சொற்களும் இவர்களுக்குப் புதியவை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது ஒன்று, விட்டுவிட்டுச் சொல்வது மற்றொன்று என்ற பிரிவு அவர்கள் மொழிகளில் கிடையாது. ஒரு வட்டம் வரைந்து, உள்ளே யார், வெளியே யார் என்று நிற்க வைத்து இதைக் கற்பித்தேன்.

ஒற்றுமைகளையும் சொல்ல வேண்டும். ஒடியாவில் 'ள', 'ண' ஒலிகள் உண்டு. ஆகவே அவற்றை அக்குழந்தைகள் இயல்பாக ஒலிக்கிறார்கள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற சொல் வரிசை தமிழைப் போன்றதே. 'எனக்குப் பசிக்கிறது' என்ற அமைப்பும் அங்கே அப்படியே இருக்கிறது. "இது உனக்கு ஏற்கெனவே தெரிந்த வாக்கியம்தான், சொற்கள் மட்டும் வேறு" என்று சொன்னபோது அவர்கள் முகத்தில் தெரிந்த தெளிவு குறிப்பிடத்தக்கது.

வீட்டு மொழி கைவிட வேண்டியது அன்று

குழந்தை விரைவில் தமிழ் கற்க வேண்டுமானால் வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த அறிவுரை பயன் தருவதில்லை. அரைகுறையாகத் தமிழ் பேசும் தாய், தன் குழந்தைக்குக் கதையோ, கண்டிப்போ, ஆறுதலோ முழுமையாகத் தர முடியாமல் போகிறார். புதிய மொழி பழைய மொழியின் மேல் சேர்வதைக் கூட்டல் வகை இருமொழித்திறன் என்றும், பழையதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்வதைக் கழித்தல் வகை என்றும் லாம்பர்ட் பிரித்துக் காட்டினார். முதல் வகையே குழந்தைக்கு நன்மை தரும். இந்திய அரசியலமைப்பின் 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதியைப் பற்றிப் பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஒரே வகுப்பில் நான்கு மொழிகள் உள்ள பள்ளியில் அவற்றை எல்லாம் பயிற்றுமொழியாக்க முடியாது. அம்மொழிகளுக்கு வகுப்பில் ஓர் இடம் தர முடியும்.

ஜூன் மாத நடுவில் ஒடிசாவில் ரஜ என்ற மூன்று நாள் திருவிழா வரும். பெண் குழந்தைகள் ஊஞ்சலாடுவது அதன் சிறப்பு. 'போட பிட்டா' என்ற பலகாரமும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குச் சென்று பள்ளி திறந்து பல நாள் கழித்து வந்த ஒரு மாணவியிடம், தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரச் சொல்லாமல், அந்த விழாவைப் பற்றி எழுதச் சொன்னேன். முதலில் ஒடியாவில் எழுதினாள். பிறகு தோழி ஒருத்தியின் உதவியோடு தமிழில் பதினொரு வரிகள் எழுதினாள். 'தோளி' என்ற சொல்லுக்கு 'ஊஞ்சல்' என்று தமிழ்க் குழந்தைகள் சொல்லித் தந்தனர். அவள் எழுதியவற்றில் மிக நீளமான தமிழ்ப் பகுதி அதுதான். சொல்வதற்குத் தன்னிடம் ஒன்று இருக்கும்போது மொழி தானாக நீள்கிறது.

இன்னொரு செய்தியையும் நாம் கவனிக்க வேண்டும். 7ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி மாதத்தில் மூன்று, நான்கு நாள் விடுப்பு எடுத்து வந்தாள். விசாரித்தபோது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ரேஷன் கடைக்கும் தாயோடு மொழிபெயர்ப்பாளராகச் செல்கிறாள் என்று தெரிந்தது. தாய்க்கு வயிற்றுவலி, மருத்துவர் கேட்கும் கேள்விகளை மகள் சொல்ல வேண்டும், தாயின் விடைகளையும் மகளே சொல்ல வேண்டும். தாய் சொல்லத் தயங்கும் செய்திகள் பன்னிரண்டு வயது மகளின் வாய்வழியாகச் சென்றன. குடும்பத்தில் ஒரு குழந்தை மட்டும் மொழி கற்றால் குடும்பத்தின் சுமை முழுவதும் அக்குழந்தையின் மேல் விழுகிறது.

தலைமை ஆசிரியரின் அனுமதியோடு மாதம் இரு ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி வராந்தாவில் அரை மணி நேரம் தாய்மார்களுக்குத் தமிழ் சொல்லித் தரத் தொடங்கினோம். என்ன சொற்கள் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டோம். 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்', 'எத்தனை நாளாக வலி', 'சம்பளம் குறைகிறது', 'பெண் டாக்டர் இருக்கிறாரா' என்பவை முதல் பட்டியலில் வந்தன. எல்லோரும் தொடர்ந்து வரவில்லை. ஆர்டர் நெருக்கடி இருக்கும் வாரங்களில் இருவர்தான் வருவார்கள். ஆனால் அம்மாணவியின் தாய் இப்போது மருத்துவமனைக்குத் தனியே செல்கிறார். மகளின் விடுப்பு நாள்கள் குறைந்துள்ளன.

வகுப்பறையில் செய்யக் கூடியவை

1. சேர்க்கையின்போது மாநிலத்தின் பெயரை வைத்து மொழியை முடிவு செய்ய வேண்டாம். பீகாரிலிருந்து வரும் குழந்தையின் வீட்டு மொழி போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கலாம். ஒடிசாவிலிருந்து வரும் குழந்தை சந்தாலி பேசலாம். "வீட்டில் அம்மாவிடம் என்ன மொழியில் பேசுவாய்?" என்று கேட்டு எமிஸ் பதிவில் சரியாகச் சேர்க்கலாம்.

2. புதிய குழந்தைக்கு ஒரு துணை மாணவரை அமர்த்தலாம். அதே மொழி பேசும், ஓராண்டு முன் வந்த மாணவர் கிடைத்தால் சிறப்பு. அவரையே எப்போதும் மொழிபெயர்ப்பாளராக்காமல் வாரம் ஒருவராக மாற்ற வேண்டும்.

3. வகுப்புக்கு அன்றாடம் தேவைப்படும் இருபது கட்டளைகளைச் செய்கையோடு சேர்த்து ஒரே விதமாகச் சொல்ல வேண்டும். இன்று 'நோட்டை எடு', நாளை 'குறிப்பேட்டைத் திற' என்று மாற்றினால் தொடக்க நிலையில் குழப்பம் உண்டாகும்.

4. ஒவ்வொரு பாடத்திலும் திறவுச்சொற்கள் ஐந்தைத் தேர்ந்து, படத்தோடு சுவரில் ஒட்டலாம். அதன் அருகில் குழந்தைகள் தங்கள் மொழிச் சொல்லை எழுத இடம் விடலாம்.

5. பேச்சில் வரும் பிழையை இடைமறித்துத் திருத்த வேண்டாம். "அக்கா வந்தான்" என்றால், "அக்கா வந்தாளா? எப்போது வந்தாள்?" என்று சரியான வடிவத்தை நாம் பேசிக் காட்டினால் போதும்.

6. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் குழந்தையை அமர்த்தும்போது தமிழ் அறிவையும் கணக்கு அறிவையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தமிழில் அரும்பாக உள்ள குழந்தை கணக்கில் மலராக இருக்கலாம்.

ஆங்கில வகுப்புக்கும் இதுவே பாடம்

மேற்கண்டவற்றை நம் தமிழ்க் குழந்தைகளின் ஆங்கிலத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். அவர்களுக்கும் மௌனக் காலம் உண்டு. அவர்களும் 'எனக்குப் பசிக்கிறது' என்ற அமைப்பிலிருந்தே ஆங்கிலத்துக்குச் செல்கிறார்கள். ஆனால் ஒடியா குழந்தைக்கு மைதானத்தில் கிடைக்கும் தூண்டல் நம் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் கிடைப்பதில்லை; வகுப்புக்கு வெளியே அம்மொழியால் அவர்களுக்கு உடனடித் தேவை இல்லை. இந்த இடத்தில் ஹங்கேரி நாட்டு அறிஞர் சோல்தான் டோர்னியேயின் கருத்து உதவுகிறது. வருங்காலத்தில் அம்மொழியைப் பேசும் ஒருவராகத் தன்னைத் தானே காண முடிந்தால், அந்தக் காட்சியே கற்றலை இழுத்துச் செல்லும் என்று அவர் 2005இல் விளக்கினார்.

எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் 8ஆம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தார். "உனக்கு 25 வயதாகும்போது எந்த இடத்தில், யாரிடம், எதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவாய்?" என்று கேட்டு, அந்தக் காட்சியைப் படமாக வரையச் சொன்னார். வெளிநாட்டு வணிகரிடம் துணி மாதிரி காட்டும் படம் பல வந்தது. ஒரு மாணவன் கிரிக்கெட் வர்ணனையாளராக வரைந்தான். அதன்பின் ஒவ்வொருவரும் தங்கள் படத்துக்குத் தேவைப்படும் ஐந்து வாக்கியங்களை ஆசிரியரிடம் கேட்டுக் கற்றனர். பாடநூலில் இல்லாத அந்த ஐந்து வாக்கியங்களை அவர்கள் ஆண்டு முழுவதும் மறக்கவில்லை.

ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒடியாவோ வங்காளமோ முழுமையாகக் கற்க வேண்டும் என்று நான் கூறவில்லை. பணிச்சுமை நாம் அறிந்ததே. ஆனால் பத்துச் சொற்கள் ஒரு வாரத்தில் கற்கக் கூடியவை: வா, உட்கார், தண்ணீர், பசி, வலி, அம்மா, வீடு, பயப்படாதே, நன்று, நாளை வா. இவற்றை அக்குழந்தையிடமே கேட்டுக் கற்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் நாளை காலை நீங்கள் வாசிக்கும் பெயர்களில், வீட்டில் தமிழ் பேசாத குழந்தை ஒன்று இருக்கலாம். அதற்குப் பாடம் தொடங்கும் முன், முதல் சொல்லை அதனிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.